டிக்கெட்டில் போட்ட விமானம் வரவில்லை

கேள்வி: கட்டுநாயக்காவிலிருந்து சென்னைக்கு அம்மாவோடு போனேன். டிக்கெட்டில் ஏ321 விமானம் என்று இருந்தது. அம்மா அடிக்கடி எழும்பவேண்டியவர். அதனால் கூடக் காசு கட்டிக் கழிப்பறைக்குக் கிட்ட, 33ஆம் வரிசையில் இரண்டு இருக்கை எடுத்தேன். போய்ப் பார்த்தால் ஏ320 நிற்கிறது, அதில் அந்த வரிசையே இல்லை. அம்மா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இது ஏமாற்று இல்லையா?
– வாசகி, கிளிநொச்சி

பதில்: விமானத்தை மாற்றியது ஏமாற்று இல்லை. இருக்கைக் காசைத் திருப்பித் தராவிட்டால் அது ஏமாற்று.

ஏ320, ஏ321 இரண்டும் ஏர்பஸ் விமானங்கள்தான். அகலம் ஒன்று, விமானி அறையும் ஒன்று. நீளம்தான் வேறு: முதலாவது 37 மீற்றர் சொச்சம், மற்றது 44 மீற்றர் சொச்சம். ஒன்றை ஓட்டுபவர் மற்றதையும் ஓட்டலாம் என்பதால் கடைசி நேரத்தில்கூட மாற்றுவார்கள். 140 பேர்தான் ஏறுகிறார்கள் என்றால் பெரியதை அனுப்புவது நட்டம். எரிபொருள் கூடப் போகும், தரையிறங்கும் கட்டணம் எடையைப் பார்த்துக் கூடும், ஐம்பது இருக்கைக்கு ஒருவர் என்ற கணக்கில் பணியாளரும் கூட வேண்டும். அதோடு ஒரே விமானம் ஒரு நாளில் பல ஓட்டம் ஓடும். காலையில் மாலைதீவுக்குப் போனது பழுதாகி நின்றால், மத்தியானம் சென்னைக்குக் கைவசம் இருப்பதைத்தான் விடுவார்கள். 2023இல் வெளிப்பட்ட பிராட் அண்ட் விட்னி எஞ்சின் குறைபாட்டால் உலகெங்கும் நூற்றுக்கணக்கான ஏ320நியோ (புது எஞ்சின் வைத்த ஏ320) வகை விமானங்கள் தரையில் நின்றன. அப்படியான நேரத்தில் எது பறக்கும் நிலையில் இருக்கிறதோ அதுதான் வரும்.

என் ஆதங்கம் வேறு. எங்கள் பக்கத்து முகவர் கடைகளில் டிக்கெட், இருக்கை, பொதி எல்லாவற்றையும் ஒரே தொகையாகச் சொல்லி, ஒரு துண்டில் பேனையால் எழுதித் தருகிறார்கள். நாமும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வருகிறோம். நானும் அப்படித்தான் ஒருமுறை முன்வரிசைக்கு 4,500 ரூபா கொடுத்தேன். விமானம் மாறியது. ஏறும் அட்டையில் 2சி என்பதை வெட்டி, பக்கத்தில் 19பி என்று எழுதித் தந்தார்கள். திரும்பி வந்து கேட்டால், அந்தக் காசு இருக்கைக்குத்தான் கட்டியது என்று காட்ட என்னிடம் ஒரு எழுத்தும் இல்லை. போன காசு போனதுதான். கேட்டால் பற்றுச்சீட்டுக் கொடுப்பது விற்பவரின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம் அதைச் சொல்கிறது. எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். நீங்கள் இப்போதே ஏறும் அட்டையைப் படம் எடுத்து, நிறுவனத்துக்கு எழுதி, இருக்கைக் காசைக் கேளுங்கள்.

கேள்வி: எனக்கு போயிங் 737 விமானம் வேண்டாம், ஏ320தான் வேண்டும் என்று எழுதி வாங்கலாமா?
– மன்னார்

பதில்: முடியாது.

கேள்வி: யாழ்ப்பாணம் பலாலியிலிருந்து ஏன் விசிறி வைத்த சின்ன விமானம் மட்டும்? பழசா? கருவாடும் ஒடியலும் கொண்டுபோக இடம் இருக்குமா?
– முல்லைத்தீவு

பதில்: பழசு இல்லை. ஓடுபாதைதான் காரணம். 2019 ஒக்டோபரில் சர்வதேச விமான நிலையமாகத் திறந்தபோது பாவனையில் இருந்த நீளம் சுமார் 1,400 மீற்றர். நிறைந்த ஏ320க்கு 2,000 மீற்றர் அளவில் வேண்டும். நீங்கள் சொல்லும் விசிறி விமானம் ஏ.டி.ஆர் 72. அதற்கு 1,300 போதும், ஆளும் எழுபது எழுபத்தெட்டுப் பேர்தான். ஏறும் கதவு பின்னால் இருக்கும், பொதி முன்னால் போகும். அதனால் முதலில் இறங்க விரும்பினால் பின்வரிசை எடுங்கள், முன்வரிசைக்குக் காசு கட்டவேண்டாம். தலைக்கு மேலுள்ள தட்டு சின்னது, சில்லு வைத்த பை அதற்குள் போகாது. கருவாட்டை வாசம் வராமல் இறுக்கிக் கட்டி, கீழே போகும் பொதியில் போடுங்கள். எடையை வீட்டிலேயே நிறுத்துப் பாருங்கள்.

கேள்வி: பலாலி–சென்னை ஒரு டிக்கெட், சென்னை–டுபாய் வேறு டிக்கெட், இடையில் ஒன்றரை மணி நேரம். முதலாவது பிந்தியதால் இரண்டாவது போய்விட்டது. யாரிடம் கேட்பது?
– மாங்குளம்

பதில்: இரண்டாவது நிறுவனத்திடம் கேட்க முடியாது. இதை எத்தனை தரம் எழுதிவிட்டேன்! டிக்கெட் தனித்தனி என்றால் இரண்டாவது நிறுவனத்துக்கு முதலாவது பிந்தியதில் ஒரு பொறுப்பும் இல்லை. ஏ.டி.ஆர் பிந்தினால் பதிலுக்குப் பெரிய ஜெட்டை அங்கே அனுப்பவும் முடியாது, இன்னொரு ஏ.டி.ஆர் வரும்வரை இருக்கவேண்டியதுதான். சென்னையில் வெளியே வந்து, பொதி எடுத்து, மறுபடி பதிய ஒன்றரை மணி நேரம் எப்படிக் காணும்? அடுத்த முறை ஒரே டிக்கெட்டாக எடுங்கள்.

கேள்வி: "பெரிய விமானம் உறுதி" என்று முகவர் 6,000 ரூபா கூட வாங்கினார். வந்தது சின்னது. ஓய்வூதியக் காசு, ஐயா.
– வவுனியா

பதில்: அம்மா, உங்களில் ஒரு பிழையும் இல்லை. விமான நிறுவனமே உறுதி தராத ஒன்றை அவர் உங்களுக்கு விற்றிருக்கிறார். அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது, குரல் பதிவு எதுவும் இருந்தால் அழிக்கவேண்டாம். துணைக்கு ஒரு ஆளோடு போய்க் காசைக் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 இலக்கத்துக்கு அழையுங்கள், முறைப்பாட்டைப் பிந்தவிடவேண்டாம். எழுத வில்லங்கமாக இருந்தால் விபரத்தை எனக்கு அனுப்புங்கள், நான் எழுதித் தருகிறேன்.