பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடம்: எதிலிருந்து தொடங்குவது?

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைப் பற்றித்தான். நகரத்தின் நடுவில் வருஷக்கணக்காகப் பூட்டிக் கிடக்கும் பழைய கட்டடத்தை எடுத்து, கீழே கடையும் மேலே வீடுமாக மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இந்த வேலையிலேயே பல வருஷம் கழித்தவன் என்பதால் ஒன்றிரண்டு கேள்விகளுக்குக் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கேள்வி: நாங்கள் மூன்று பேர் சேர்ந்து, கடைவீதியில் நூறு வருஷத்துக்கு மேலான மூன்று மாடிக் கட்டடம் ஒன்றை வாங்கியிருக்கிறோம் சார். இருபது வருஷமாக ஆள் புழக்கம் இல்லை. உள்ளே குப்பை, புறா எச்சம், ஒரு மூலையில் கூரை ஒழுகுகிறது. முதலில் உள்ளே இருப்பதையெல்லாம் உடைத்து வெளியே போட்டுவிட்டு அப்புறம் வரைபடம் போடலாம் என்கிறார் எங்களில் ஒருவர். சரியா?

பதில்: தயவுசெய்து அவரைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். முதல் வேலை தண்ணீரைத் தடுப்பது. ஒழுகும் மூலையைத் தற்காலிகமாகவாவது மூடுங்கள், மழைநீர்க் குழாய்களில் அடைத்திருப்பதை எடுங்கள், சுவரை ஒட்டித் தண்ணீர் தேங்கும் இடம் இருந்தால் வழிய விடுங்கள். ஆள் இருக்கும் வீட்டில் ஒரு ஓடு நகர்ந்தால் அடுத்த மழைக்கே தெரிந்துவிடும், பூட்டிய கட்டடத்தில் அதே ஓடு இருபது மழைக்காலத்துக்கு ஒழுகிக்கொண்டே இருக்கும், கேட்க ஆள் இல்லை. சுவரில் செடி முளைத்திருந்தால் பிடுங்காதீர்கள், வேரோடு நாலு செங்கல்லும் சேர்ந்து வரும். அடியோடு வெட்டி, வேர் செத்த பிறகு மெதுவாக எடுங்கள். புறா எச்சத்தைக் காய்ந்தபடியே கூட்டாதீர்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். நனைத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு அள்ள வேண்டும். பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம், பழைய குழாய் உறைகளிலும் தரை ஓடுகளிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் உரசவோ உடைக்கவோ கூடாது.

அப்புறம் பழைய கட்டடங்களைப் பார்த்துப் பழகிய கட்டமைப்புப் பொறியாளர் ஒருவரைக் கூட்டி வந்து உத்தரங்களைக் காட்டுங்கள். நான் பார்த்த ஒரு கட்டடத்தில் இரண்டாம் மாடி அறை அவ்வளவு நன்றாக இருந்தது, உத்தரங்களில் பெயின்ட்கூட உதிரவில்லை. ஒரு உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினேன், கைப்பிடி வரை உள்ளே போய்விட்டது. வெளியே போய்ப் பார்த்தால் அதற்கு நேர் மேலே மழைநீர்க் குழாய் உடைந்திருந்தது. மரத்தில் ஈரம் 20 சதவீதத்தைத் தாண்டி அப்படியே நின்றால் பூஞ்சை பிடித்து உளுத்துப்போகும், அதுவும் காற்றுப் படாத நுனியில்தான் முதலில் பிடிக்கும். அதற்காக உத்தரம் முழுவதையும் மாற்ற வேண்டியதில்லை. உளுத்த நுனியை மட்டும் வெட்டிவிட்டு, புது மரத்தையோ இரும்புத் தகட்டையோ சேர்த்து நிறுத்திவிடலாம், அன்றைக்கு அப்படித்தான் செய்தோம். எல்லாவற்றையும் உடைத்து வெளியே போட்டிருந்தால், எது எதைத் தாங்கிக்கொண்டிருந்தது என்பதே தெரியாமல் போயிருக்கும்.

கேள்வி: சுவரில் இடுப்பு உயரத்துக்கு ஓதம் ஏறி, உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது. நன்றாகக் கொத்திவிட்டு சிமென்ட் பூசினால் ஜென்மத்துக்கும் நிற்கும் என்கிறார் ஒப்பந்தக்காரர்.

பதில்: இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அந்தச் சுவர் சுண்ணாம்புச் சாந்தில் கட்டியது. போர்ட்லண்ட் சிமென்டுக்குக் காப்புரிமை வாங்கியதே 1824-ல்தான், சாதாரணக் கட்டட வேலைக்கு அது பரவலாக வருவதற்கு அப்புறமும் வெகுகாலம் ஆனது. சுண்ணாம்புச் சாந்து மென்மையானது, ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விட்டுவிடும், கட்டடம் லேசாக அசைந்தால் தானும் கூட அசைந்து கொடுக்கும். அதன் மேல் சிமென்ட் பூசினால் தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழி தெரியாமல் இன்னும் மேலே ஏறும், இடுப்பு உயரத்தில் இருந்த ஓதம் தோள் உயரத்துக்கு வரும். செங்கல் இணைப்பிலும் சிமென்ட் அடைத்துவிட்டால் ஈரமும் உப்பும் செங்கல் வழியாகவே வரும், சில வருஷத்தில் செங்கல்லின் முகம் தகடு தகடாக உதிர்ந்து சிமென்ட் கோடுகள் மட்டும் துருத்திக்கொண்டு நிற்கும். சாந்து எப்போதும் செங்கல்லைவிட மென்மையாக இருக்க வேண்டும், தேய வேண்டியது சாந்துதான், அதை மறுபடி அடைத்துக்கொள்ளலாம்.

சுண்ணாம்பு காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்து மெதுவாகத்தான் இறுகும். அதனால் மெல்லிய பூச்சாகப் பூசி, சட்டென்று காய்ந்துவிடாமல் ஈரச் சாக்குப் போட்டு, பொறுமையாக அடுத்த பூச்சுக்குப் போக வேண்டும். ஒப்பந்தக்காரர் நாள் அதிகமாகும் என்பார். ஆமாம், ஆகும், அதையும் கணக்கில் சேர்த்துத்தான் வேலையைத் திட்டமிட வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைத்தால் அவர் சொல்வதைக் கேளுங்கள். ஆனால் பூச்சுக்கு முன்னால் வெளித்தரை மட்டத்தையும் பாருங்கள். தெருவை மேலே மேலே போட்டு, உள்தரையைவிட வெளியே உயர்ந்து போயிருந்தால் எந்தப் பூச்சும் நிற்காது.

கேள்வி: கீழே நாலு கடை, மேல் இரண்டு மாடியிலும் எட்டு வீடு என்று யோசிக்கிறோம். கவனிக்க வேண்டியது என்ன?

பதில்: எட்டு என்ற எண்ணை முதலில் ஒதுக்கி வைத்துவிட்டு ஜன்னல்களை எண்ணுங்கள். ஜன்னலின் மேல்விளிம்பு எவ்வளவு உயரமோ, அதைப் போல இரண்டு, இரண்டரை மடங்கு தூரம் வரைதான் பகல் வெளிச்சம் உருப்படியாக உள்ளே வரும். பழைய கடைவீதிக் கட்டடங்கள் முகப்பில் குறுகி, பின்னால் நீளமாகப் போகும், நடுப்பகுதி இருட்டு. அங்கே படுக்கையறை போடாதீர்கள். குளியலறை, சாமான் அறை, மாடிப்படி எல்லாம் நடுவில் போகட்டும். முன்பு இருந்த நடுமுற்றத்தையோ வெளிச்சக் குழியையோ யாராவது தகரம் போட்டு மூடியிருந்தால் அதைத் திறங்கள், ஒரு வீடு குறைந்தாலும் பரவாயில்லை.

குளியலறையும் சமையலறையும் மாடிக்கு மாடி ஒன்றன்மேல் ஒன்றாக வரட்டும். குழாய் நேராக இறங்கும், பழைய உத்தரத்தை வெட்ட வேண்டி வராது.

பாரத்தைப் பொறுத்தவரை உங்களுக்கு நல்ல செய்தி. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்று கணக்கிடுவது வழக்கம், கடைக்கு 400 கிலோவோ அதற்கு மேலோ வரும். மேல்மாடி ஒரு காலத்தில் சரக்கு அறையாக இருந்திருந்தால் வீட்டை அநேகமாக எளிதாகத் தாங்கும். உளுப்பும் விரிசலும் இருக்கிறதா என்று பார்க்காமல் மட்டும் இதை நம்பிவிடாதீர்கள்.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது தீ. இரவில் பூட்டிய கடையில் மின்கசிவால் தீப்பிடித்தால் மேலே தூங்குகிறவர்கள் எப்படி வெளியே வருவார்கள்? வீடுகளின் மாடிப்படி கடை வழியாகப் போகாமல் நேராகத் தெருவுக்குத் திறக்க வேண்டும், கடைக்கும் வீட்டுக்கும் நடுவே உள்ள தளம் உங்கள் ஊர் விதி சொல்லும் நேரத்துக்குத் தீயைத் தாங்க வேண்டும். பழைய பொய்க்கூரைக்கு மேலே, மரப்பலகைச் சுவருக்குப் பின்னே என்று ஒளிந்திருக்கும் வெற்றிடங்களைத் தேடி அடையுங்கள், தீயும் புகையும் அந்த வழியாகத்தான் அறைக்கு அறை தாவும். இந்த வேலையைச் செய்யும்போதே சத்தத்துக்கும் சேர்த்துப் பார்த்துவிடலாம். மரத்தளத்தின் இடுக்குகளை அடைத்து, கீழே புதுக் கூரைப் பலகையை உத்தரத்தில் நேரடியாக அறையாமல் தனியாகத் தொங்கவிட்டால் கீழ்க்கடைப் பேச்சு மேலே கேட்பது வெகுவாகக் குறையும்.

கேள்வி: இத்தனை பாடுக்கு இடித்துவிட்டுப் புதிதாகவே கட்டலாமே?

பதில்: சில கட்டடங்களை இடிக்கத்தான் வேண்டியிருக்கும், அஸ்திவாரமே நகர்ந்துகொண்டிருந்தால் நானே சொல்லிவிடுவேன். ஆனால் முயன்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் பிராவிடன்ஸ் நகரில் 1828-ல் கட்டிய ஆர்கேட் வணிக வளாகம் வெறிச்சோடிப் போயிருந்தது, 2013-ல் கீழே கடைகளும் மேல் இரண்டு மாடிகளில் 48 சின்னஞ்சிறு வீடுகளுமாகத் திறந்தார்கள். வியன்னாவில் 1890-களின் கடைசியில் கட்டிய நான்கு பெரிய எரிவாயுக் கிடங்குகளின் செங்கல் சுவரை அப்படியே நிறுத்தி, உள்ளே வீடும் கடையும் அமைத்து 2001-ல் ஆள் குடியேறினார்கள். ஜன்னலும் மாடிப்படியும் ஏற்கெனவே இருக்கிற உங்கள் கட்டடம் அதைவிட எத்தனையோ சுலபம்.

கேள்வி: நான் கட்டடம் வாங்கியவன் இல்லை, இப்படிப்பட்ட ஒரு பழைய கட்டடத்தின் கீழ்க்கடையில் முப்பது வருஷமாகக் கடிகாரம் பழுது பார்ப்பவன். மேலேதான் ஆள் இல்லை, நான் தினமும் கடை திறக்கிறேன். புது முதலாளி வந்திருக்கிறார். என்ன ஆகும் என்று பயமாக இருக்கிறது.

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன் ஐயா. முதலில் வாடகை ஒப்பந்தத்தையும் ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு, வாடகைச் சட்டம் தெரிந்த வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். வேலை நடக்கும்போது எங்கே இருப்பீர்கள், எப்போது திரும்பி வரலாம், அப்போது வாடகை எவ்வளவு என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை மட்டும் நம்பி வெளியே போகாதீர்கள். இதைப் படிக்கும் முதலாளிகளுக்கும் சொல்கிறேன்: இந்த முப்பது வருஷமும் எந்த மழைக்கு எந்தச் சுவர் நனைந்தது என்று உங்களுக்குச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். வேலையைப் பகுதி பகுதியாகப் பிரித்தால் அவர் கடையை மூடாமலே முடிக்க முடியும், நான் அப்படி முடித்திருக்கிறேன்.

கேள்வி: முகப்பில் பெயின்டைச் சுரண்டியபோது அடியில் பழைய கடையின் பெயர் எழுத்துகள் பாதி தெரிகின்றன. மறுபடி எழுதிவிடலாமா?

பதில்: சுரண்டுவதை இன்றைக்கே நிறுத்துங்கள். வெளிச்சம் பக்கவாட்டில் விழும் காலை நேரத்தில் நிறையப் படம் எடுத்து வையுங்கள். மேலே வார்னிஷ் அடிக்காதீர்கள், புது பெயின்டால் நிரப்பாதீர்கள். பாதி எழுத்தாகவே இருக்கட்டும். புதுக் கடையின் பலகையை அதற்குக் கீழே ஒரு முழம் தள்ளி மாட்டிக்கொள்ளலாம்.