சீரத்தில் மின்னோட்டம் சரிவதற்குக் காரணம் கேத்தோடாக இருக்கலாம்

வணக்கம். குளுக்கோஸ் ஆக்சிடேஸ் நொதியுள்ள ஆனோடும் (எதிர்முனை) லாக்கேஸ் நொதியுள்ள கேத்தோடும் (நேர்முனை) கொண்டு, குளுக்கோஸிலிருந்து மின்சாரம் எடுக்கும் உங்கள் உயிரி எரிபொருள் மின்கலம் அமிலத் தாங்கல் கரைசலில் (பிஎச் எனும் அமில அளவை மாறாமல் காக்கும் கரைசலில்) நன்றாக இயங்குகிறது என்றும், சீரத்தில் (குருதியணுக்கள் நீங்கிய குருதி நீரில்) இறக்கியதும் மின்னோட்டம் படுத்துவிடுகிறது என்றும், ஆனோடை மூன்று முறை மாற்றியும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். நான் முதலில் ஐயப்படுவது கேத்தோடைத்தான். பூஞ்சையிலிருந்து கிடைக்கும் லாக்கேஸ் பெரும்பாலும் அமிலச் சூழலில்தான் சுறுசுறுப்பாக வேலை செய்யும். குருதியின் பிஎச் மதிப்போ ஏறத்தாழ நடுநிலையான 7.4, அதிலுள்ள குளோரைடோ லிட்டருக்கு ஏறத்தாழ 100 மில்லிமோல். அந்தக் குளோரைடு நொதியின் செம்பு மையத்தில் ஒட்டிக்கொண்டு கேத்தோடில் நடக்கவேண்டிய ஆக்சிஜன் ஒடுக்கத்தை (ஆக்சிஜன் எலக்ட்ரான்களை ஏற்பதை) தடுக்கும்.

இப்போது நன்றாக இயங்கும் தாங்கல் கரைசலிலேயே சோடியம் குளோரைடைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் பாருங்கள். ஒவ்வொரு முறையும் மின்னோட்டம் ஒரு படி இறங்கினால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டுவிடும். அடுத்து, லாக்கேசுக்குப் பதிலாக பிலிருபின் ஆக்சிடேஸ் என்ற நொதியை முயலுங்கள். நடுநிலை பிஎச்சையும் குளோரைடையும் அது தாங்கும், குருதியிலுள்ள யூரேட் (யூரிக் அமிலத்தின் அயனி) மட்டும் அதற்கும் ஓரளவு தொல்லை தரும். 2010-இல் பிரான்சின் கிரெநோபிள் ஆய்வாளர்கள் எலியின் உடலுக்குள் பொருத்திய கலத்தில் பாலிபீனால் ஆக்சிடேஸ் என்ற வேறொரு நொதியைக் கேத்தோடுக்குத் தேர்ந்ததற்கும் இந்தத் தொல்லைகளே காரணம்.

குளுக்கோஸ் ஆக்சிடேஸ் கரைந்துள்ள ஆக்சிஜனைத் தின்று ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குவதும் ஒரு சிக்கல்தான், ஆனால் கேத்தோடு சரியான பிறகு அதைக் கவனிக்கலாம்.