சைகோடாக்டிலஸ்: எங்கே வெட்டுவது?

'சைகோடாக்டிலஸ்' என்ற பறவையியல் சொல்லைச் 'சைகோட் – ஆக்டிலஸ்' என்று பிரித்துவிட்டுப் பொருள் பிடிபடவில்லை என்கிறீர்கள். வெட்டு இடம் மாறி விழுந்துவிட்டது. சைகோ – டாக்டில் – அஸ் என்று பிரியுங்கள். கிரேக்கத்தில் 'சைகோன்' நுகத்தடி, 'டாக்டிலோஸ்' விரல். 'அஸ்' லத்தீன் வழி வந்த உரிச்சொல் விகுதி. நுகத்தில் பூட்டிய மாடுகள்போல் விரல்கள் இரண்டிரண்டாக இணைந்து நிற்கும் கால் என்று பொருள். கிளியின் காலைப் பாருங்கள்: இரண்டாம், மூன்றாம் விரல்கள் முன்னே, முதலாவதும் நான்காவதும் பின்னே. மரங்கொத்திக்கும் குயிலுக்கும் அப்படியே.

அசைக் கணக்கு வேறு: சை-கோ-டாக்-டி-லஸ், ஐந்து, அழுத்தம் 'டாக்' மேல். பேச்சில் 'ல்' அடுத்த அசைக்குத் தாவிவிடும், ஆகவே வேர் தேடும்போது காதை நம்பாதீர்கள். டெரோடாக்டில் என்ற பறக்கும் ஊர்வனவின் பெயரிலும் இதே விரல்தான். முன்னால் நிற்கும் 'டெரோன்' சிறகு.