பதில்: தீ விபத்து க்ளெய்மில் 9.1 லட்சம்தான் என்கிறார்கள், சரியா?

நீங்கள் சொன்னபடி இயந்திரங்களைப் புதிதாக வாங்க 100 லட்சம் ஆகும், பாலிசி 60 லட்சத்துக்கு, சேதம் 20 லட்சம், தேய்மானம் 20 சதவீதம். 9.1 எப்படி வந்தது என்றால்: 20-இல் தேய்மானம் போக 16. அதில் 60/100 பங்கு 9.6. டிடக்டிபிள், அதாவது க்ளெய்மில் நீங்களே ஏற்க வேண்டிய தொகை, 50 ஆயிரம் கழித்தால் 9.1.

பங்காகக் குறைப்பதற்குப் பெயர் ஆவரேஜ் விதி. பொருளின் முழு மதிப்புக்குக் காப்பீடு எடுக்காவிட்டால், குறைந்த அளவுக்கு நீங்களே காப்பீட்டாளர் என்று அர்த்தம். சேதம் சிறியதானாலும் இது பொருந்தும். ஆக, குறைப்பது தவறில்லை. குறைத்த விதம்தான் தவறு.

சேதத்தில் தேய்மானம் கழித்த சர்வேயர் (சேதத்தை மதிப்பிடுபவர்), எல்லா இயந்திரங்களின் மொத்த மதிப்பிலும் கழித்திருக்க வேண்டும். எல்லா இயந்திரமும் ஏறக்குறைய ஒரே வயது என்றால் மதிப்பு 80. அப்போது 60/80 × 16 = 12; டிடக்டிபிள் போக 11.5 லட்சம். புதுப்பொருள் விலை அடிப்படையிலான பாலிசி என்றாலும், மாற்று இயந்திரம் வாங்கிய பிறகு, 60/100 × 20 = அதே 12தான். இரண்டு அடிப்படையையும் கலந்ததில் உங்களுக்கு 2.4 லட்சம் போகிறது.

முதலில் பாலிசி ஷெட்யூலில் (பாலிசியின் விவரப் பக்கத்தில்) எந்த அடிப்படை என்று பாருங்கள். பிறகு சர்வேயர் அறிக்கையின் நகலை வாங்கி, இந்தக் கணக்கை எழுத்தில் அனுப்புங்கள். எரிந்த இயந்திரங்களின் பழைய இரும்பு மதிப்புக்காக எவ்வளவு கழித்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள், அங்கேயும் தொகை நழுவும். பதில் வரும்வரை ‘முழுமையான, இறுதித் தீர்வு’ என்ற வவுச்சரில் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.