கொள்கலன் துறைமுகக் கண்காட்சி, மாநாடு என்பது என்ன? அதில் யாருக்கு என்ன வேலை?

சரக்கு ஏற்றும் பெரிய இரும்புப் பெட்டிகளான கொள்கலன்களைக் கையாளும் துறைமுகங்கள், கப்பல் கம்பனிகள், கிரேன் செய்பவர்கள், லொறி, ரயில், மென்பொருள் நிறுவனங்கள் எல்லாரும் சில நாள் ஓரிடத்தில் கூடுவதுதான் இது. ஒரு மண்டபத்தில் இயந்திரங்களைக் காட்டி வியாபாரம் பேசுவார்கள், இன்னொன்றில் பொதுப் பிரச்சினைகளைப் பேசுவார்கள். ரொட்டர்டாம் போன்ற துறைமுக நகரங்களில் நடக்கும்.

ஏன் கூட வேண்டும்? கொள்கலனின் எட்டு மூலைகளிலும் துளையுள்ள இரும்புக் கட்டிகள் இருக்கும். கிரேனில் தொங்கும் இரும்புச் சட்டகம் மேல் நான்கு துளைகளிலும் பூட்டை இறக்கி, திருகி, அப்படியே தூக்கும். பெட்டி சீனாவில் செய்ததாக இருக்கலாம், கிரேன் கொழும்பில் நிற்கலாம், ஆனாலும் அளவு பொருந்தியே ஆக வேண்டும். வாழைச்சேனையிலிருந்து குளிரூட்டிய பெட்டியில் இறால் அனுப்பினால், லொறி, துறைமுக முற்றம், கப்பல் என்று எங்கும் மின்சாரம் கிடைக்க வேண்டும். ஓரிடத்தில் நெடுநேரம் தவறினாலும் சரக்கு பழுதுதான். இத்தனை பேரையும் அதட்ட ஒரே முதலாளி கிடையாது, பேசித்தான் ஒத்துப்போக வேண்டும்.

நம்மூர்ப் பயிர்ச்செய்கை ஆரம்பக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரை எப்போது திறப்பது என்று விவசாயிகளும் நீர்ப்பாசன அதிகாரிகளும் முதலே பேசி முடிவெடுக்காவிட்டால், மேல்வயலில் விதைப்பு முடியும்போது கீழ்வயல் காய்ந்து கிடக்கும். என் பார்வையில் மேடைப் பேச்சைவிட, இப்படி நேருக்கு நேர் பேசுவதில்தான் அதிக பலன்.

சரி, அங்கே போனால் சரக்கு அனுப்பக் கொள்கலன் பிடிக்கலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். அது அந்த இடமல்ல, அதற்குக் கொழும்பிலுள்ள சரக்கு அனுப்பும் முகவரிடம்தான் பேச வேண்டும்.