நீர்க்கசிவு கேபிள்: பேனல் காட்டும் மீட்டர் எந்த இடம்?

தரையில் ஓடும் நீர்க்கசிவு உணர் கேபிளின் அலாரம் பேனலில், கசிவு இருக்கும் இடம் 47 மீட்டர் என்று வந்தது. டேப் பிடித்து அளந்து போனால், அங்கே தரை காய்ந்து கிடக்கிறது. கேபிள் பழுதா?

அநேகமாக இல்லை. அந்த 47 கேபிளின் நீளக் கணக்கு, நீங்கள் நடக்கும் தூரம் இல்லை. கேபிளில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும் இரண்டு உணர் கம்பிகளைத் தண்ணீர் இணைத்துவிடுகிறது. அந்த இடம் வரை உள்ள மின்தடையை வைத்துத்தான் பேனல் மீட்டர் சொல்கிறது. ஏசி யூனிட்டைச் சுற்றியது, தூணை வளைத்துப் போனது எல்லாம் அதில் சேரும். பேனலிலிருந்து உணர் கேபிள் தொடங்கும் வரை வரும் சாதாரண இணைப்புக் கம்பியோ பெரும்பாலும் சேராது. டேப் இதற்கு உதவாது.

கட்டட வரைபடத்தில் கேபிள் பாதையைக் கோடு போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். அது போதுமா?

போதாது. அது பெரும்பாலும் கேபிள் போடும் முன் வரைந்தது. போடுகிற அன்று குழாய் ஒன்று குறுக்கே வந்தால் பாதை மாறிவிடும், கோடு மாறாது. நனைத்துப் பார்த்து எழுதிய வரைபடத்தை மட்டும்தான் நான் நம்புவேன்.

வேலை எளிது, பொறுமைதான் வேண்டும். ஒருவர் பேனலில் நிற்கட்டும், இன்னொருவர் ஈரத் துணியோடு கேபிள் வழியே போகட்டும். ஓர் இடத்தில் துணியை வைத்து, ரீடிங் நிலைத்ததும் எண்ணையும் இடத்தையும் குறியுங்கள். "ஜன்னல் பக்கம்" என்று எழுதாதீர்கள்; தூண் எண், டைல் வரிசை, கதவு எண் என்று எழுதுங்கள். நள்ளிரவில் அலாரம் அடிக்கும்போது வரைபடத்தைக் கையில் எடுப்பவர் அந்தக் கட்டடத்துக்கே புதியவராக இருக்கலாம். அப்புறம், கேபிளை நன்றாகத் துடைத்து அலாரம் அடங்கிய பிறகே அடுத்த இடத்துக்குப் போங்கள். முந்தைய ஈரம் மிச்சமிருந்தால் அடுத்த எண் தப்பாகும்.

குழாய்த் தண்ணீரே போதும். காய்ச்சி வடித்த தண்ணீர் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது, அதை ஊற்றிவிட்டு கேபிளைக் குறை சொல்லக் கூடாது.

எத்தனை மீட்டருக்கு ஒரு முறை சோதிப்பது?

நேராக ஓடும் இடத்தில் 3 முதல் 5 மீட்டருக்கு ஒன்று. தொடக்கம், முடிவு, ஒவ்வொரு திருப்பம், ஒவ்வொரு இணைப்பு ஆகியவற்றை விடவே கூடாது. கிளை பிரியும் இடத்தில் இரு பக்கமும் நனைத்துப் பாருங்கள். கிளையின் நீளமும் கணக்கில் சேர்வதால், பிரிவைத் தாண்டியதும் எண் சட்டென்று ஏறலாம்.

கசிவு பெருகப் பெருக ரீடிங் மாறுகிறதே?

மாறும். தண்ணீர் பரவி நீளமாக நனைத்தாலோ, இரண்டு இடங்களில் ஒரே சமயம் நனைந்தாலோ, பேனல் இரண்டுக்கும் நடுவில் ஏதோ ஓர் எண்ணைக் காட்டக்கூடும். முதலில் வந்த எண்ணே நம்பத் தகுந்தது. அதனால் அலாரம் கேட்டதும் ரீசெட் பட்டனைத் தொடாமல், முதல் ரீடிங்கை எழுதிக்கொள்ளுங்கள். பேனலில் பதிவு வசதி இருந்தால் அதிலும் பார்க்கலாம்.

நடுவில் ஒரு துண்டை மாற்றிவிட்டோம். பழைய வரைபடம் செல்லுமா?

மாற்றிய இடம் வரை செல்லும். புதுத் துண்டு பழையதைவிட 2 மீட்டர் நீளமென்றால், அதற்குப் பின்னால் உள்ள எல்லா எண்ணும் 2 மீட்டர் தள்ளிப் போகும். அங்கிருந்து கடைசி வரை மறுபடி நனைத்துக் குறித்துவிட்டு, பேனல் அருகே மாட்டியிருக்கும் பழைய தாளை அன்றே எடுத்துவிடுங்கள்.