பட்டமும் வானூர்திதான்

வணக்கம் ஐயா,

எட்டாவது படிக்கும் என் மகன், 'வானூர்திக்கு மூன்று எடுத்துக்காட்டு தருக' என்ற கேள்விக்கு விமானம், ஹெலிகாப்டர், பட்டம் என்று எழுதியிருக்கிறான். பட்டத்துக்குத் தப்பு போட்டுவிட்டார்கள். 'வாத்தியார் போட்டது சரியாத்தான் இருக்கும், போய்ப் படி' என்று நானும் அதட்டிவிட்டேன். வானூர்தி என்றால் உண்மையில் என்ன? வெப்பக்காற்று பலூன் அதில் சேருமா? புஷ்பக விமானம் பற்றியும் உங்கள் கருத்தை அறிய ஆவல்.

க., குடியாத்தம்

அன்புள்ள க.,

முதலில் பையனைக் கூப்பிட்டு, 'நீ எழுதினது சரிடா' என்று சொல்லிவிட்டு வாருங்கள். மிச்சத்தை அப்புறம் படிக்கலாம்.

காற்றின் எதிர்வினையால் வளிமண்டலத்தில் தாங்கி நிற்கிற எந்த இயந்திரமும் வானூர்தி. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் வரையறை இது. தரையில் மோதித் திரும்பும் காற்று இந்தக் கணக்கில் சேராது, அதனால் அதில் மிதக்கிற ஹோவர்கிராஃப்ட் வானூர்தியில் வராது. பலூன் வரும், உள்ளே இருக்கும் சூடான காற்று வெளிக்காற்றைவிட லேசு, அகழித் தண்ணீரில் கட்டை மிதக்கிற கணக்குத்தான். அதே அமைப்பின் வகைப்பாட்டில், எஞ்சின் இல்லாத, காற்றைவிடக் கனமானவை என்ற பிரிவில் கிளைடரும் பட்டமும் அடுத்தடுத்து இருக்கின்றன. புஷ்பக விமானம் காவியத்திலேயே இருக்கட்டும்.

பட்டத்தைச் சும்மா விட எனக்கு மனசு வரவில்லை. ஆடிக் காற்றில் பாலாற்று மணலில் அண்ணன் பட்டம் விடுவான். ஒரு நாள் என் பட்டம் நூலை வெடுக்கென்று இழுக்கிறது, ஆனால் மேலே ஏறமாட்டேன் என்கிறது. அண்ணன் அதை இறக்கி, சூத்திரத்தை, அதாவது பட்டத்தின் குச்சியில் மேலும் கீழும் கட்டி நூலோடு சேர்க்கிற முடிச்சைப் பிரித்து, மேல் நூலை ஒரு விரற்கடை குறைத்துக் கட்டினான். அவ்வளவுதான், சரசரவென்று ஏறியது. காற்றுக்கு எதிரே பட்டம் சாய்ந்து நிற்கும் கோணம் குறைந்துவிட்டது. விமான இறக்கைக்கும் இந்தக் கோணம்தான் உயிர். அளவுக்கு மீறிச் சாய்த்தால் தூக்குவிசை போய்விடும்.

நூல் எதற்கு? பட்டத்தைக் காற்றோடு போகவிடாமல் பிடித்து வைக்க. அறுந்த பட்டம் புரண்டு புரண்டு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சின் விமானத்துக்கு அந்த நூலின் வேலையைச் செய்கிறது. முன்னால் இழுத்து, இறக்கைக்கு வேண்டிய காற்றை ஓடியே உண்டாக்கிக்கொள்கிறது. ஹெலிகாப்டர் இறக்கையையே சுழற்றிவிடுகிறது, அதனால்தான் நின்ற இடத்தில் நிற்க முடிகிறது. அரக்கோணம் ராஜாளி கடற்படைத் தளம் பக்கம் போனால் இரண்டு வகையும் பறப்பதைப் பார்க்கலாம்.

ரைட் சகோதரர்கள் 1903 டிசம்பர் 17 அன்று 12 விநாடி பறந்தார்கள் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறது. 1899இல் ஐந்தடிப் பட்டம் ஒன்றைச் செய்து, இறக்கையை முறுக்கினால் எப்படித் திரும்பும் என்று நூல் பிடித்துப் பார்த்தார்களே, அதை யார் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்கள்? உங்கள் பையன் எழுதிய பதிலில்தான் ஐயா அவர்களும் ஆரம்பித்தார்கள்!

வாத்தியார் மேல் எனக்குக் கோபமில்லை, கட்டுக்கட்டாகத் தாள் திருத்துகிறவர். நீங்கள் கேட்காமலே அதட்டினீர்களே, அதுதான் வருத்தம். 'ஏன் பட்டம்னு எழுதின?' என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவனே சொல்லியிருப்பான். ஆடி வரட்டும். ஈர்க்குச்சி, காகிதம், நூல் வாங்கிக் கொடுங்கள். சூத்திரத்தை அவனே கட்டட்டும். ஏறாவிட்டால் மேல் நூலைக் குறைக்கச் சொல்லுங்கள்.